பத்து கிலோ பைப்

அனகாபுத்தூரில் தங்கையின் வளைகாப்பை முடித்துக்கொண்டு நான்கு நாள் கழித்து ஊரப்பாக்கம் வந்து இறங்கிய ஜென்சிக்கு, கேட்டைத் திறக்கும்போதே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மாமனார் தயாளன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவிர அவர் வாசல் வரை வந்தே பதினான்கு மாதம் ஆகிறது. தலை வாரியிருந்தார், சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். விரல்களில் மட்டும் பைப் ஒட்டும் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"பையை அப்புறம் வெச்சுக்கலாம்மா. ஷெட்டுக்கு வா" என்றார்.

ஷெட் என்றால் கார் ஷெட். கார் கிடையாது. ஜென்சியின் கணவன் எபி ஆறு வருஷமாக அடுத்த வருஷம் கார் வாங்கிக்கொண்டே இருக்கிறான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், அந்த இடத்தை எனக்குக் கொடு என்று ஜென்சி கேட்டு வாங்கிக்கொண்டாள். திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். கம்பெனி இடம் மாறியபோது இவளால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பழைய பீரோ, டேபிள் ஃபேன், தையல் மெஷின் ஸ்டாண்டு எல்லாவற்றையும் துரு நீக்கி, ஸ்ப்ரே அடித்துப் புதுசாக்கித் தருவது என்று முடிவு செய்திருந்தாள். காலனியில் நாலு பேர் இப்போதே பீரோவைக் காலி செய்து வைத்துக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கம்ப்ரெஸர் வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் சபைப் போதகர் வந்து பிரதிஷ்டை ஜெபம் செய்வார், ஜெபம் முடிந்ததும் மெஷினைப் போடுவது என்று ஏற்பாடு. கம்ப்ரெஸரிலிருந்து ஷெட்டின் மூன்று மூலைக்கும் காற்றைக் கொண்டுபோக என்ன பைப் போடுவது என்பதை மட்டும் ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

விட்டது தப்பு. மூன்று சுவரிலும் வெள்ளை வெளேர் என்று பிவிசி பைப் ஓடியிருந்தது.

நேர்த்தி என்றால் அப்படி ஒரு நேர்த்தி. நூல் பிடித்த மாதிரி ஓட்டம், இரண்டடிக்கு ஒரு கிளாம்ப், திருப்பங்களில் துளிப் பசை வழியவில்லை. ஒவ்வொரு வால்வுக்கும் மேலே சுவரில் பென்சிலால் எழுதியிருந்தார்: பெயிண்ட், துரு, தூசி. அறுபத்தெட்டு வயது மனிதர் ஏணி மேல் ஏறி நின்று தனியாகச் செய்த வேலை.

"பத்து கிலோ பைப்மா, பத்து கிலோ பிரஷர் தாங்கும். இதோ பாரு, பைப் மேலயே போட்டிருக்கான்" என்று அச்சடித்த எழுத்தைத் தடவிக் காட்டினார். "உன் மெஷின் ஏழு கிலோதான் அடிக்கும். மூணு கிலோ மிச்சம்."

ஜென்சி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயிலிருந்து வந்ததென்னவோ, "ரொம்ப அழகா இருக்கு மாமா" என்பதுதான். அது பொய்யும் இல்லை, அதுதான் தொந்தரவு.

தயாளன் முப்பத்தொரு வருஷம் குடிநீர்க் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டர்களிடம் சூப்பர்வைசராக இருந்தவர். தாம்பரத்துக்குத் தெற்கே எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய் போகிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தண்ணீருக்கு எது சரியோ அது காற்றுக்கும் சரி என்று நினைத்துவிட்டார். தண்ணீரோடு அவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியவருக்குத்தான் இந்தத் தப்பு வரும். ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் கடைக்காரனையாவது கேட்டிருப்பான்.

ஜென்சிக்கு அது தப்பு என்று எப்படித் தெரியும் என்றால், கண்ணால் பார்த்திருக்கிறாள். கம்பெனியில் ஒரு முறை யாரோ அவசரத்துக்குக் காற்று லைனில் இரண்டு மீட்டர் பிவிசி போட்டுவிட்டார்கள். ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு மே மாத மதியம், தகரக் கூரைச் சூட்டில், வெடிச் சத்தத்தோடு அது சில்லுச் சில்லாகப் போயிற்று. ஜென்சி இரண்டு நிமிஷம் முன்னால்தான் டீ குடிக்க எழுந்து போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சில்லு குத்தி நின்றது. இந்த ஷெட்டுக்கும் தகரக் கூரைதான். நாள் முழுக்க உள்ளே இருக்கப்போவது அவள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரப்போவது மாமா.

சாயங்காலம், வெளியூர் வேலையில் இருந்த எபிக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். எபி நல்லவன். நல்லவர்களுக்கே உள்ள ஒரு கெட்ட குணம் அவனுக்கும் உண்டு: சங்கடமான பேச்சு வந்தால் அவன் ஃபோனில் சார்ஜ் இருக்காது. பிரஷரைக் குறைத்து வைத்து ஓட்டலாமே என்றான். குறைத்தாலும் அது காற்றுதான், ஒரு நாள் வெடிக்கும் என்றாள் இவள். அப்படியானால் அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நீ சொன்னால்தான் கேட்பார் என்றான். அதோடு சார்ஜ் போய்விட்டது.

சொல்லிவிடலாம்தான். ஆனால் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஷெட்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஒரே இடத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, மறுபடி அங்கேயே வந்து நிற்கும் கட்டைக்குரல். கேட்பவர்களுக்கு அது பாட்டென்றே தெரியாது. ஜென்சிக்குத் தெரிந்தது. கத்தி அப்படியே நின்றுவிட்டது.

சபைப் பாடகர் குழுவில் நாலு குரல் சேர்த்துப் பாடுவார்கள். மாமா கடைசி வரிசையில் பேஸ், அதாவது அடிக்குரல். மாமியார் தபீதாள் முன் வரிசையில் மெட்டு. நாற்பது வருஷம் அவர் கீழே தாங்க, அவள் மேலே பாடினாள். வீட்டிலும் அப்படித்தான். அவள் சமையலறையில் ஏதாவது கீர்த்தனையை எடுத்தால், இவர் கூடத்தில் பேப்பரைக் கீழே இறக்காமலே அடிக்குரலில் சேர்ந்துகொள்வார். பதினான்கு மாதம் முன்பு ஒரு காய்ச்சலில் தபீதாள் போய்விட்டாள். அன்றிலிருந்து மாமா பாடவில்லை. கோயிலுக்குப் போனால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பார். வீட்டில் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் காலை டிஃபன் முதல் இரவுச் சாப்பாடு வரை. அதைவிடக் கொடுமை, மனைவியின் பெயரை அவர் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. "அவங்க" என்றும் சொல்வதில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் இப்போது மிச்சமிருந்த பைப் வேலையைச் செய்துகொண்டே முனகுகிறார். மெட்டில்லாமல் வெறும் பேஸ். மேலே பாட வேண்டியவளுக்கு இடம் விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. ஜென்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனிடம் போய், நீங்கள் போட்டதெல்லாம் வீண், கழற்றுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

இருந்தாலும் வியாழக்கிழமை காலை இட்லி வைக்கும்போது மெல்ல ஆரம்பித்தாள். கம்பெனிகளில் ஜிஐ இரும்புப் பைப்தான் போடுவார்கள் மாமா என்றாள். தயாளன் சிரித்தார். அவர் அதை யோசிக்காமல் இருப்பாரா? ஜிஐ உள்ளே துருப்பிடிக்கும், துரு உதிர்ந்து ஸ்ப்ரே கன்னுக்குள் போகும், வெள்ளை பீரோவில் பழுப்புப் புள்ளி விழும், ஆட்கள் உன்னைத்தான் குறை சொல்வார்கள் என்றார். செம்புப் பைப்பையும் விசாரித்திருந்தார், அது நம் தகுதிக்கு இல்லை. நீலக் கலரில் அலுமினியப் பைப் ஒன்று வருகிறதாம், அதைத் தேடி குரோம்பேட்டை வரை பஸ்ஸில் போயிருக்கிறார். பைப் இருந்தது, சேர்க்கிற ஜாயிண்ட் இல்லை, மும்பையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்களாம்.

"உன் பெயிண்ட்ல துரு விழக்கூடாதும்மா. அதுக்குத்தான் இதுக்கு வந்தேன்" என்றார்.

ஜென்சி இன்னும் இரண்டு இட்லியை அவர் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏனோதானோ என்று போட்டிருந்தால் கோபித்துக்கொள்ளலாம். மனிதர் இவளுக்காக ஊரெல்லாம் அலைந்து, யோசித்து யோசித்து, கடைசியில் ஆளைக் கொல்கிற பைப்பைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை தயாளன் பழைய சிநேகிதர் ஒருவரிடமிருந்து டெஸ்ட் பம்ப் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கையால் அடிக்கிற பம்ப். பைப் லைனுக்குள் தண்ணீரை நிரப்பி, பம்பால் பிரஷர் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். டெஸ்ட் பண்ணாத லைனை அவர் வாழ்க்கையில் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. மருமகளிடம் மட்டும் ஒப்படைப்பாரா?

ஜென்சி ஷெட் கதவில் சாய்ந்து நின்றாள். மதியம் கம்ப்ரெஸர் வந்துவிடும். இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். டெஸ்டில் இந்தப் பைப் ஜெயித்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். தண்ணீருக்கு அது நல்ல பைப்தானே. பம்பின் முள் பத்தில் அசையாமல் நின்றுவிட்டால், அப்புறம் யார் பேச்சு எடுபடும்?

தயாளன் கீழ் வால்வில் ஹோஸைச் செருகித் தண்ணீரைத் திறந்தார். பிறகு ஏணியில் ஏறி, லைனின் உச்சி மூலையில் இருந்த மூடியைக் கழற்றினார். அங்கே காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார். புஸ் என்று காற்று வந்துகொண்டிருந்தது. மூடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் ஜென்சி கதவை விட்டு முன்னால் வந்தாள். கேட்க வேண்டிய கேள்வி அவர் கையிலேயே இருந்தது.

"எதுக்கு மாமா அதைத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"காத்தை வெளிய விடணும்மா. லைன்ல ஒரு பொட்டுக் காத்து நிக்கக் கூடாது. அப்புறம்தான் பம்ப்."

"நின்னா என்ன ஆகும்?"

தயாளனுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. முடிச்சூர் பக்கம் லைன் போட்டபோது நடந்ததைச் சொன்னார். கிட்டு என்று ஒரு ஃபிட்டர், தங்கமான வேலைக்காரன். மழை வருகிறதென்று அவசரப்பட்டு, காற்றை முழுசாக வெளியேற்றாமல் பம்ப் அடித்துவிட்டான். முள் எட்டைத் தாண்டும்போது கடைசி மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. எதிரே இருந்த காம்பவுண்டுச் சுவர் உடைந்தது. நடுவில் நின்ற கிட்டுவுக்கு வலது கண் போயிற்று.

"தண்ணி மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாதும்மா. பைப் விரிசல் விட்டாலும் நாலு சொட்டு சிந்திட்டு அடங்கிடும். காத்து அப்படி இல்ல. நீ அமுக்கின அமுக்கை எல்லாம் உள்ள சேத்து வெச்சிக்கும். ஒரு இடத்துல வழி கிடைச்சா மொத்தத்தையும் ஒரேயடியா..."

நின்றுவிட்டார்.

உச்சி மூலையில் காற்று தீர்ந்து தண்ணீர் துப்ப ஆரம்பித்தது. பிறகு ஒழுங்காக வழிந்தது. அவர் சட்டைக் கையெல்லாம் நனைந்தது. மூடியைப் போடவில்லை. தலையைத் திருப்பித் தான் போட்ட பைப்பைப் பார்த்தார். பெயிண்ட், துரு, தூசி என்று ஒவ்வொரு வால்வாகப் பார்த்தார். அந்த வால்வுகளுக்கு முன்னால் ஒருத்தி நின்று வேலை செய்வதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி, கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்தார்.

ஜென்சி போய் ஹோஸை நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் மாமா."

"வந்த அன்னிக்கே?"

"வந்த அன்னிக்கே."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குள் போனார். பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது ஷெட் வரை கேட்டது.

அந்தச் சத்தம் ஜென்சியைக் குத்தியது. பதினான்கு மாதமாகக் கேட்ட சத்தம். ஊரிலிருந்து வந்ததிலிருந்து கேட்காமல் இருந்த சத்தம். கெட்டிக்காரி மாதிரி கேள்வி கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைத்தாய், இப்போது திருப்திதானா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். ஆறிப்போய் ஆடை படிந்தது. மதியம் கம்ப்ரெஸர் வந்து இறங்கியது. வழக்கமாக வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியாவது பார்ப்பவர், கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. நாளைய ஜெபத்தை அடுத்த சனிக்கு மாற்றும்படி போதகருக்குச் சொல்லிவிட்டு, ஜென்சி மாமாவின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்தது போதும் என்று தோன்றியது.

"மாமா, நீங்க பைப் ஒட்டும்போது பாடினீங்க. நான் சமையல்கட்டுல இருந்து கேட்டேன். பைப்பைக் கழட்டினா பாட்டு நின்னுடுமோன்னு பயந்துட்டேன். அதனாலதான் சொல்லல. என் மேலதான் தப்பு."

தயாளன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மேல போய்த் தெறிச்சிருக்கும்மா" என்றார். "அதை நினைச்சாத்தான் உடம்பு நடுங்குது. எனக்கு இனிமே இதெல்லாம் வேணாம். ஆளை வெச்சுப் போட்டுக்கோ."

"ஆளுங்க பைப் போடுவாங்க மாமா. தண்ணியை என்ன பண்றது?"

"என்ன தண்ணி?"

கம்பெனியில் அவர்கள் பட்ட பாட்டை அவள் சொன்னாள். நம் ஊர்க் காற்றில் பாதி ஈரம். கம்ப்ரெஸர் அதைப் பிழிந்து சூடாக அனுப்பும், பைப்பில் ஆறும்போது ஈரமெல்லாம் தண்ணீராகிவிடும். அது கன் வழியாகத் துப்பி, அடித்த பெயிண்டில் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பும். கம்பெனியில் அதற்கென்று தனியாக ஒரு மெஷின் வைத்திருந்தார்கள், இங்கே கிடையாது. துருவைத் தடுக்க வால்வுக்குப் பக்கத்தில் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம், அது அவளுக்குத் தெரியும். தண்ணீரைப் பைப்புக்குள்ளேயே எப்படிப் பிரித்து வெளியேற்றுவது என்பது உண்மையாகவே தெரியாது.

எவ்வளவு தண்ணி வரும் என்றார் தயாளன். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு அரை டம்ளர் வரலாம் என்றாள். அவர் விரல் நாற்காலிக் கைப்பிடியில் ஏதோ கோடு போட்டது. முதலில் நேராக. பிறகு கொஞ்சம் சரிவாக.

"அப்ப நேரா போட்டிருக்கவே கூடாது. வாட்டம் வேணும். கிளை எல்லாம் பைப்போட முதுகுல இருந்து எடுத்து வளைச்சு இறக்கணும், அப்பதான் தண்ணி கிளைக்குள்ள வராது. அது பாட்டுக்கு அடியிலேயே ஓடிக் கடைசிக்குப் போயிடும். அங்க ஒரு டிரெயின் வால்வு" என்றார். ஆறின டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "தண்ணி விஷயத்துக்கு எதுக்கும்மா வெளி ஆளு?"

மறுநாள் காலையில் இரண்டு பேரும் தாம்பரம் போனார்கள். கடையில் ஜிஐ பைப்பிலேயே கனமான ரகம்தான் வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். முனைகளில் மரை வெட்டியதை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தார். உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். கடைக்காரர், இன்னா சார், பொண்ணு பாக்குற மாரி பாத்துகினு கீறீங்களே என்றார். தயாளன் சிரிக்காமல் இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார்.

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. ஏணியில் இந்த முறை ஜென்சி ஏறினாள், அவர் கீழே நின்று ரசமட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வெள்ளைப் பைப்பை இறக்கும்போது மட்டும் ஜென்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறக்கிய துண்டுகளை அவர் வெளிச் சுவர் ஓரம் அடுக்கி வைத்துக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. முனகலும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை போதகர் வந்து ஜெபம் செய்தார். எபி கம்ப்ரெஸர் ஸ்விட்சைப் போட்டான், அவ்வளவு வேலையாவது செய்தானே. முள் ஏழுக்கு ஏறி நின்றது. ஜென்சி ஒரு டேபிள் ஃபேனின் இறக்கைக்கு முதல் ஸ்ப்ரே அடித்தாள். கொப்பளம் இல்லை, புள்ளி இல்லை, கண்ணாடி போல வந்தது. தயாளன் மூலையில் குனிந்து டிரெயின் வால்வைத் திறந்தார். சீறிக்கொண்டு தண்ணீர் வந்தது. அதை ஒரு டம்ளரில் பிடித்து, போதகரிடமும் பீரோக்காரர்களிடமும் பரிசுக் கோப்பையைக் காட்டுவது போலக் காட்டிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் கேக்கும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெயிண்ட் கையோடு ஜென்சி வீட்டுக்குள் போகத் திரும்பினாள். தயாளன் தடுத்தார். ஷெட்டின் பின்புறம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் ஒரு சின்ன வாஷ்பேசின். அதற்குத் தண்ணீர் கொண்டுவந்தது அதே வெள்ளைப் பைப். நூல் பிடித்த ஓட்டம், இரண்டடிக்கு ஒரு கிளாம்ப். மேலே பென்சிலில் 'கை' என்று எழுதியிருந்தது. அவள் அசந்து தூங்கிய இரண்டு மதியங்களில் செய்து முடித்திருக்கிறார்.

அவள் குழாயைத் திறக்கப் போனாள்.

"இரும்மா. முதல்ல காத்து போகட்டும்" என்று அவரே திறந்தார். குழாய் இருமியது, துப்பியது, பிறகு சீராக ஊற்றியது. ஜென்சி கையை நீட்டினாள். அவர் பக்கத்தில் நின்று சோப்பை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தன்னை அறியாமல், அந்த அடிக்குரலில் ஆரம்பித்தார்.

ஜென்சிக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்திலேயே வாயசைத்தால் போதும் என்று சொல்லி நிறுத்தப்பட்டவள். இருந்தாலும் அந்த மெட்டு அவளுக்குத் தெரியும், சமையலறையில் ஏழு வருஷம் கேட்டது. தண்ணீரில் கையை வைத்தபடியே மேல் குரலை எடுத்தாள்.

மாமா நிறுத்திவிட்டார். கெடுத்துவிட்டோம் என்று அவளும் நிறுத்தினாள். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் குழாயை மூடினார். துண்டை அவளிடம் நீட்டினார்.

"ரொம்ப மேல எடுத்துட்ட" என்றார். "இன்னும் கொஞ்சம் கீழ ஆரம்பி. தபீதா எப்பவும் அங்கதான் ஆரம்பிப்பா."

ஜென்சி கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கீழே ஆரம்பித்தாள்.